தீவிலிருந்து வந்த ஒரம்பரை

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டியில் தறி ஓடாது. வாரத்தில் ஆறு நாளும் காதைத் துளைக்கிற கடகடச் சத்தம் அடங்கி, பூசை முடிந்து திரும்பிய வீடுகளில் கறிக்குழம்பு கொதிப்பது தெரு வரைக்கும் கேட்கும். அப்படியொரு மத்தியானத்தில், அடுப்படியில் கோழிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த ஜெனிதாவின் காலடியில் தரை ஒரு தரம் அதிர்ந்தது. டொம். கனத்த, மெத்தென்ற சத்தம். கூடவே உப்புத் தண்ணியும் டீசலும் கலந்த வாடை.

படகு துறையில் மோதுகிற சத்தம் அது. கரண்டி அவள் கையில் அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணமாகி எட்டு மாசம். அவளும் பிராங்கும் ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, தாய்லாந்துப் பக்கம் ஒரு தீவுக்கு நாலு நாள் போய்விட்டு நேற்றுத்தான் வந்திருந்தார்கள். தீவா அது? எள் போட்டால் எள் விழாது. பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரே அறையில் இவர்களுக்குப் பக்கத்துக் கட்டில் அம்புஜத்துக்கு. மலேசியாவிலிருந்து தனியாக ஊர் சுற்ற வந்தவள், ஐம்பது வயதிருக்கும், நல்ல மனுஷி. தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் ஒட்டிக்கொண்டாள். பிராங்குக்குக் கேட்கவா வேண்டும்? "கட்டாயம் நம்மூட்டுக்கு ஒரம்பரையா வரோணுமுங்க" என்று பார்க்கிற போதெல்லாம் விருந்துக்கு அழைத்தான். கொங்குக்காரன் வாயாயிற்றே, ஒருத்தரை வாங்க என்று சொல்லாமல் அனுப்பினால் அவனுக்குச் சோறு இறங்காது. விலாசத்தை எழுதிக் கொடுத்தவள் என்னவோ ஜெனிதாதான்.

கடைசி நாள், கடைசிப் படகு. துறையில் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு நின்றது கூட்டம். பைகளோடு பிராங்க் முன்னால் ஏறி உள்ளே போய்விட்டான். இன்னும் ஒரே ஆள்தான் என்று படகுக்காரன் விரலைக் காட்டினான். ஜெனிதாவுக்கு முன்னால் அம்புஜம் நின்றாள். கண்காணாத தேசத்தில் புருஷனைப் பிரிந்து நின்றுவிடுவோமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. அம்புஜத்தின் முதுகுப்பையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு இவள் தாவி ஏறினாள். அம்புஜம் படகுக்கும் துறைக்கும் நடுவில் விழுந்தாள். அலை படகைத் தூக்கித் துறையில் அடித்தது. திரும்பவும் அடித்தது. அந்தக் கூச்சலில் அவள் அலறல் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்த பிராங்கிடம், அம்புஜத்துக்குப் படகில் இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள் ஜெனிதா.

"என்ன சத்தம் அம்மணி?" என்று கூடத்திலிருந்து பிராங்க் கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அவனுக்குத் தெரிந்தால் இனி எந்தக் கண்ணால் அவளைப் பார்ப்பான்? அவனுக்குத் தெரியவே கூடாது.

டொம். இந்தத் தரம் வாசல் பக்கம்.

காலிங் பெல் அடித்தது.

திறக்காதீங்க என்று கத்த வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பானே, என்னவென்று சொல்வது? அதற்குள் கதவு திறக்கும் சத்தம்.

"அடடே! வாங்கக்கா, வாங்க! உள்ள வாங்க!"

ஈரத்துணி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"என்னங்கக்கா இப்படி நனைஞ்சுபோட்டீங்க? இங்க மழையே இல்லீங்களே. மூஞ்சில என்னங்க அது, ரத்தமுங்களா? செரி செரி, மொதல்ல உக்காருங்க. அம்மணி! யாரு வந்திருக்காங்க பாரு! தண்ணி கொண்டா!"

ஜெனிதா அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். குழம்பு அடிப்பிடித்துக் கரிந்தது. அந்தக் கரிவாடையையும் மீறி உப்பு வாடை கதவிடுக்கில் ஏறியது.

சோபா நகர்ந்தது. தேக்கு சோபா. நாலு பேர் தூக்கி வைத்தது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி..."

டொம்.

"நெரிக்குதுங்கக்கா."

டொம். பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

"வலிக்குதுங்க... உட்டுருங்க... ஏனுங்க..."

உயிர் போகிற நேரத்திலும் மரியாதை போகவில்லை, பாவி மனுஷனுக்கு. அப்போதுதான் ஜெனிதாவுக்குக் கால் வந்தது. தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு ஓடினாள்.

பிராங்க் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் மடங்கிச் சிக்கியிருந்தான். சோபாவின் முதுகு அவன் நெஞ்சுக்குள் பாதி புதைந்திருந்தது. சோபாவில் அம்புஜம் உட்கார்ந்திருந்தாள். பை இன்னும் முதுகில். முகத்தில் பாதி இல்லை. மிச்சப் பாதி சிரித்த முகமாகத்தான் இருந்தது.

ஜெனிதா இரண்டு கையாலும் சோபாவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பிராங்கின் வாயில் ரத்தம் குமிழியிட்டது. அம்புஜத்தின் பின்தலையையும், இழுபட்டுக் கிழிந்த முதுகுப்பையையும் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்தான்.

"அம்மணி... இவங்கள நீயா இழுத்து உட்ட?"

ஜெனிதா இல்லையென்று தலையாட்டினாள்.

அவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் மறுபடியும், இன்னும் வேகமாக, இல்லையென்று தலையாட்டினாள். அவள் கைக்குள் இருந்த சோபா, யாரும் இழுக்காமலே, சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் நகர்ந்து நின்றது, அடுத்த அலைக்குப் படகு பின்வாங்குகிற மாதிரி.