இணைய மறுத்த செல்கள்

டெலிபோன் அலறியது.

எடுக்க வேண்டிய பேராசிரியர் மேஜைக்கடியில் பிணமாகக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

செல் வளர்க்கும் அறை அது. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. அதில் முதுகைச் சாய்த்து நின்றார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே மாட்டிக்கொண்டவள் ஆராய்ச்சி மாணவி. லேபில் அவள் பட்டப்பெயர் மிளகாய். குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இன்று ஜெயில் வாசலையும் மிதித்துவிடுவாள் போலிருந்தது...

இந்தத் திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தவை இரண்டே கார்டுகள். ஏழு மணிக்குப் பேராசிரியருடையது. எட்டு மணிக்கு அவளுடையது. இன்ஸ்பெக்டர் இதையே நான்கு முறை சொல்லிவிட்டார்.

"அவர் பின்னாடியே இன்னொருத்தர் நுழைஞ்சிருக்கலாமே சார். கதவு என்ன, தலையா எண்ணுது?"

"யாருன்னு சொல்லும்மா."

அவள் மூலையில் நின்ற லேப் சீனியரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் செல் தட்டுகளுக்குச் சத்துநீரைக் குறைத்துவிட்டு ஊருக்குப் போனவராம். இப்போதுதான் வந்தாராம். இவளுக்கும் பேராசிரியருக்கும் ஆகவே ஆகாது என்றும் போட்டுக்கொடுத்திருந்தார்.

மிளகாய் கையுறை மாட்டினாள். சீனியரின் ஒன்பதாம் நம்பர் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். மீன்குஞ்சு மாதிரி ஏதோ தனித்தனியாக இருக்கிறது என்றார்.

"இளம் தசை செல்லு சார். சாப்பாடு இருந்தா பெருகிட்டே இருக்கும். குறைச்சா, உள்ள ஒரு ஜீன் சுவிட்ச் போடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமா நாராயிடும். ரெண்டு நாள்லயே ஒட்ட ஆரம்பிச்சிடும். இது ஒட்டவே இல்லை. அப்ப இவர் வெள்ளிக்கிழமை சத்துநீரைக் குறைக்கலை. பொய் சொல்றார்."

சீனியர் சிரித்தார்.

"அரைகுறை சார் இவ. ஒன்பதாம் தட்டுல அந்த ஜீனையே எடுத்தாச்சு. முப்பது நாள் பட்டினி போட்டாலும் ஒட்டாது."

அறை சுருங்கியது.

"வேற ஏதாவது இருக்காம்மா?" இன்ஸ்பெக்டரின் கை விலங்கைத் தடவியது.

"இருக்கு சார். தட்டுல வெறும் நம்பர்தான். எதுல ஜீன் எடுத்திருக்குன்னு எங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா முடிவை வளைச்சிடுவோம். அதனால பேராசிரியரே நம்பர் போட்டு, பட்டியலை சீல் வச்ச கவர்ல வச்சிருந்தார். இன்னைக்குத்தான் திறக்கறதா இருந்தது. திறந்தா ஒருத்தரோட மூணு வருஷப் புளுகு வெளிய வந்திருக்கும்."

"பேராசிரியர் சட்டைப் பையில கிழிஞ்ச கவர் இருந்துச்சு. காலிக் கவர்..."

"அதான் கேக்கறேன். உள்ள இருந்ததை யார் படிச்சது?"

சீனியர் சிரிப்பை நிறுத்தினார். கதவுப் பக்கம் பாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார்.

சீனியரின் சாக்ஸுக்குள் பட்டியல் நான்காக மடிந்து கிடந்தது. விலங்கு மாட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒன்பதுல ஜீன் இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நாலு விஷயம் சொல்லிக்கொடுக்கத்தானே சீனியர் இருக்கார்!"