வாசலில் ஏறிய இருட்டு

மார்ச் பதினேழாம் நாள், திங்கட்கிழமை. அவள் திருத்தி முடித்திருந்த குறும்படத்தின் நிறத்தை யாரோ மாற்றியிருந்தார்கள். ஒருவர் முடித்த வேலையில், அவரைக் கேளாமல் இன்னொருவர் கைவைப்பது முறையன்று.

படங்களுக்கு நிறம் திருத்துவது அவள் தொழில். இந்தக் குறும்படம் அவளுடைய தம்பி எடுத்தது, நடித்தவனும் அவனே. நண்பகலிலும் பகல் நுழையாதபடி சன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்த அந்த அறையில், சூடேறிய கணினியின் வாடைக்கும் அதன் விசிறியின் ஓயாத முனகலுக்கும் நடுவே, திரையில் தம்பி மேசைமுன் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் திறந்த வாசல். அவள் விட்டுச் சென்றபோது அதற்கப்பால் சுவர் தெரிந்தது. இப்போது கரியை அப்பியதுபோல் இருந்தது.

"நான்தான்க்கா மாத்தினேன்." பின்னாலிருந்த சோபாவில் படுத்தபடியே தம்பி சிரித்தான். "பேய்ப் படத்துக்குக் கல்யாண வீடியோ மாதிரி வெளிச்சம் வெச்சிருக்கே. பேயே கூச்சப்பட்டு ஓடிடும்."

"ஓடட்டுமே! என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா விட்டிருப்பியா? நேத்தே நெட்ல ஏத்திட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, நிழல்களை வெளுப்பாக்கும் சக்கரத்தை உருட்டினாள். கரி மெல்ல விலகியது. வாசலில் ஒருவர் நின்றிருந்தார்.

"ஷூட்டிங்ல உன் பின்னாடி யாருடா நின்னது?"

"யாரும் இல்லையே. நானும் கேமராவும் மட்டும்தான்."

கறை என்றே நினைத்தாள். சோதிப்பதற்காக மீண்டும் இருட்டாக்கி, மீண்டும் வெளுப்பாக்கிப் பார்த்தாள். அந்த உருவம் வாசற்படியைத் தாண்டியிருந்தது. நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டது. இருட்டில்தான் அது நடக்கிறது. அந்த இருட்டை அவளே கொடுத்திருக்கிறாள்.

நிறத்தை அளந்து காட்டும் ஸ்கோப்பைப் பார்த்தாள். மனிதத் தோல் கறுப்போ வெளுப்போ, அதில் ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். எல்லாத் தோலுக்கும் அடியில் ஓடுவது இரத்தம். அந்த உருவத்தின் முகம் கோட்டில் விழவேயில்லை. நிறமே இல்லாத நடுப்புள்ளியில் கிடந்தது. திரையில் தம்பியின் முகத்தை அளந்தாள். அதுவும் கோட்டை விட்டு நடுவை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏசியைக் குறையேன். தோள்பட்டை விறைக்குது."

திரையில் அவனுடைய இடது தோளின்மேல் சாம்பல் நிற விரல்கள். திரும்பினாள். சோபாவில் அவன் இடது தோளைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளிறியிருந்தது.

"நெட்ல ஏத்தினதை எடு. இப்பவே எடு!"

அவன் கைப்பேசியை நோண்டினான். "எடுத்துட்டேன். ஆனா நிறைய பேரு இறக்கி வெச்சிருக்காங்கக்கா. ஒருத்தன் போட்டிருக்கான், 'லைட்டை அணைச்சிட்டுப் பாத்தேன், செம'ன்னு…"

அவள் விரலுக்கடியில் சக்கரம் வெடுக்கென்று பின்னோக்கி, இருட்டின் பக்கம் இழுத்தது.

எங்கோ ஒருவர் விளக்கை அணைத்திருக்கிறார்.

அழுத்திப் பிடித்தாள். முன்னால் தள்ளினாள். அது பின்னால் இழுத்தது. மீண்டும் தள்ளினாள். நகம் மடங்கியது. விடவில்லை.

"அவன் என் தம்பி," என்றாள் திரையைப் பார்த்து. "வெளிச்சத்துல ஒரு அடி வை, பார்க்கலாம்!"

அது வைக்கவில்லை. போகவுமில்லை. தம்பியின் தோளிலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பியது. அவளைப் பார்த்தது.

அவள் இன்னும் அங்கேதான் அமர்ந்திருக்கிறாள். விரல் மரத்துவிட்டது, சக்கரம் அவள் கையில்தான் இருக்கிறது. பின்னால் தம்பியின் மூச்சு கேட்கிறது. சில நேரம் கேட்பதில்லை.

ஒருவன் மேசைமுன் எழுத, அவன் முதுகுக்குப் பின்னால் வாசல் கறுத்துக் கிடக்கும் அந்தப் படம் உங்களிடமும் வரலாம். பொழுதுபோக்குக்காக அவளிடமிருந்து அந்தச் சக்கரத்தைப் பிடுங்க உங்களுக்கு உரிமையில்லை. எழுந்து சென்று விளக்கைப் போடுங்கள்.