நீட்டிய வட்டாவும் காணாத கண்ணும்

கேதீஸ்வரி கோழிகளுக்குத் தீன் போடத் தொடங்கினால் இராசாத்திக்கு அன்றைய அர்ச்சனை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பேச்சு கோழிக்கு, ஏச்சு வேலிக்கு இப்பால் இருக்கிற தங்கைக்கு.

"இந்தச் சிவத்தப் பேட்டுக்குக் கண் தலைக்கு மேல ஏறிட்டு. பக்கத்தில நிக்கிற ஆளையும் தெரியாது. மகன் பாசிக்குடா ஹோட்டலில உழைக்கிறான் எண்ட கொழுப்பு."

"கோழிட மகன் எந்த ஹோட்டலிலயாம்?" என்று உதயரூபன் தேத்தண்ணியை உறிஞ்சியபடி மனைவியைக் கேட்டார். இராசாத்திக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எழும்பும்போது இடப்பக்கம் இருந்த குடத்தில் முழங்கை பட்டு, குசினி முழுக்கத் தண்ணீர்.

"நான் அக்காட்டப் போகப் போறன்," என்றாள்.

"ஆறு மாசமா உன்னக் கோழியோட சேத்து ஏசுறா. அவட வாசலில போய் நிக்கப் போறியா? உனக்கு ரோசம் இல்லையா?"

"ரோசத்த வச்சுக்கொண்டு அக்காட கண்ணப் பறிகுடுக்க ஏலா."

இந்த ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. தேற்றாத்தீவில் தாய் விட்டுப்போன வளவில் மகள்மார் இருவருக்கும் பக்கம் பக்கமாக வீடு. நடுவில் வேலி, போய்வர ஒரு கடப்பு. மூத்தவள் கேதீஸ்வரியின் மகள் விதுர்ஷாவின் கலியாணம் வரைக்கும் அந்தக் கடப்பை யாரும் அடைத்ததில்லை. இந்த வீட்டுக் கறி அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில் தீரும்.

கலியாணத்தன்று கேதீஸ்வரி பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து, முதல் மரியாதை தங்கைக்கு என்று, சம்பந்தி வீட்டார் பார்த்திருக்கக் கொண்டுபோய் நீட்டினாள். நீட்டிய வட்டாவில் ஒரு வெற்றிலையாவது எடுக்க வேண்டும். எடுக்காமல் விடுவது நீட்டியவரைச் சபையில் அறைகிறதுக்குச் சமம். இராசாத்தியோ மணவறையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். மேளச் சத்தத்தில் அக்காள் கூப்பிட்டதும் கேட்கவில்லை. மறுபடி நீட்டியும் திரும்பவில்லை. "மகன் உழைக்கத் தொடங்கின பிறகு ஆள் மாறிட்டா போல," என்று யாரோ சொல்ல, கேதீஸ்வரி முகம் செத்துப்போய் வட்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் கடப்பில் முள்ளுக்கம்பி.

"சத்தியமாக் காணல்லக்கா," என்று இராசாத்தி அழுதாள்.

"ஊசியில நூல் கோக்கிறாய், அரிசியில கல்லுப் பொறுக்கிறாய். முழு மனிசி நான், என்னக் காணல்லையா?"

இராசாத்திக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. திருப்பி ஏசப் போன புருசனையும் அடக்கி, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கிடந்தாள்.

போன கிழமைதான், வாசிப்புக் கண்ணாடி எடுக்கலாம் என்று கண் கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் ஸாதியா அவளை ஒரு மெஷினுக்குள் பார்க்கவைத்து, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்.

"எல்லாம் சரியா அமுக்கினன், டொக்டர். ஆனா உங்கட மெஷினில இடப்பக்கம் லைட் பத்தல்ல," என்றாள் இராசாத்தி.

டொக்டர் சிரிக்கவில்லை. "மெஷின் நல்லா இருக்கம்மா. உங்களுக்குக் குளுக்கோமா. கண்ணுக்குள்ள பிரஷர் கூடி நரம்பு பழுதாகியிருக்கு. இது நோவாது, சிவக்காது. ஓரத்தில இருந்துதான் பார்வை போகும். நேராப் பார்க்கிறது நல்லா இருக்கிறதால ஆளுக்கே விளங்காது. போனது திரும்பி வராது. மருந்த ஒருநாளும் தவறாம கண்ணுக்குள்ள விட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம்." பிறகு கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் வரக்கூடும். கண் நல்லாத் தெரியுது எண்டு இருந்திர வேணாம், கெதியாக் கூட்டி வாங்க."

தன் கண்ணுக்காக அழாத இராசாத்தி அதைக் கேட்டதும் அழுதாள்.

இப்போது றோட்டால் சுற்றி அக்காளின் வாசலுக்குப் போனாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கேதீஸ்வரி 'இரு' என்று சொல்லவில்லை. இராசாத்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என்ட கண்ணில ஒரு குறையும் இல்ல. விடிய உன்ட குசினியில குடம் விழுந்ததும் எனக்குத் தெரியும்."

"அது காதாலதானேக்கா தெரிஞ்சிது."

உள்ளே நின்ற விதுர்ஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சத்தம் கேட்கக்கூடாது என்று கலியாண வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, இராசாத்தியின் இடப்பக்கம் போய் நின்றாள். "சின்னம்மா, அம்மாட மூக்கப் பாத்துக்கொண்டு நில்லுங்க. என்ட கை தெரியக்குள்ள 'தெரியுது' எண்டு செல்லுங்க."

இராசாத்தி பார்த்தாள். அக்காளின் மூக்குத்தியில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது அவளுக்கு அச்சொட்டாகத் தெரிந்தது. விதுர்ஷாவின் கை சின்னம்மாவின் இடது காதோரமாகப் புறப்பட்டு, ஆடி ஆடி, கடைக்கண்ணையும் தாண்டி முன்னால் வந்துவிட்டது.

"தொடங்கிட்டியா மகள்?" என்று இராசாத்தி கேட்டாள்.

கேதீஸ்வரியின் கையிலிருந்த தேங்காய்ப் பாதி நழுவி உருண்டது. எழும்பி வந்து மகளை விலக்கிவிட்டு அதே இடத்தில் தானே நின்றாள். "அண்டைக்கும் நான் இந்தப் பக்கந்தானே நிண்டன்… இராசாத்தி, என்னத் தெரியுதா?"

"சத்தம் கேக்குதுக்கா… ஆளத் தெரியல்ல."

"ஐயோ, பாவி நான்… என்ட தங்கச்சியக் கோழியாக்கி ஏசினனே…" கேதீஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "நீயாவது திருப்பி ஏசியிருக்கலாமே புள்ள."

"ஏசினன்தான். உனக்குக் கேக்காம ஏசினன்."

அழுகைக்கு நடுவே மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். மத்தியானமே உதயரூபன் முள்ளுக்கம்பியை வெட்டினார்.

அடுத்த கிளினிக்கில் கேதீஸ்வரிக்கும் கண் பிரஷர் கூடுதல் என்று தெரிந்தது. ஆனால் பார்வையில் ஒரு துளியும் இன்னும் போகவில்லை. "நல்ல நேரத்தில வந்தீங்க," என்றார் டொக்டர். கேதீஸ்வரி வெளியில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து தேம்பினாள். "நான் 'இரு' எண்டும் செல்லல்ல… அவள் என்ட கண்ணுக்காக வந்து நிண்டாள்."

மருந்து விடும் நேரம் வந்தால் இப்போது இரண்டு வீடும் அமளி. கேதீஸ்வரி பயத்தில் கண்ணை இறுக்கிப் பொத்துவாள். மருந்து கன்னத்தில் ஓட, தங்கை ஏசுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் களுதாவளைப் பிள்ளையார் கோவிலுக்குப் போனார்கள். கேதீஸ்வரி தங்கையின் இடக்கையைப் பிடித்து, இடப்பக்கமாகவே நடந்தாள். தெரிந்த ஒருத்தி அந்தப் பக்கத்தால் வந்து சிரித்தாள். இராசாத்தி தன் பாட்டுக்குப் போனாள். சிரித்தவளின் முகம் சுருங்குவதற்குள் கேதீஸ்வரி நின்றுவிட்டாள்.

"கோவிக்காத புள்ள. அவளுக்கு இந்தப் பக்கம் தெரியாது. இந்தப் பக்கத்துக்கு நான் இரிக்கன், என்னப் பாத்துச் சிரி."