ஜீப்பின் இடது கண்ணில் ஆவி

ஒரு கண்ணின் விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவர்கள் மூவாயிரத்து எண்ணூறுக்கு முடித்துவிடுவார்கள். இரண்டு கண்ணும் சேர்த்து எடுத்தால் துடைக்கிற துணி இனாம்.

பயப்பட வேண்டாம். மனிதக் கண்ணுக்கு யார் விலை போட முடியும்? இது ஜீப்பின் கண். அதாவது ஹெட்லைட். ஆனால் உடும்பஞ்சோலை மலைப்பாதையில், எதிரே வரும் லாரி மூக்குக்கு நேரே வந்து நிற்கும்வரை தெரியாத மூடுபனியில், ஜீப்பின் கண் போனால் உள்ளே இருப்பவர்களின் கண்ணும் போன மாதிரிதான். அதனால் அதை விலைமதிப்பில்லாதது என்றும் சொல்லலாம். கடைக்காரர் காதில் விழாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சாந்தம்மாளின் ஜீப்புக்கு இடது கண்ணில் கோளாறு.

சாந்தம்மாள் இன்பமேரியின் அம்மா. தினமும் காலையில் எல்லைச் சாவடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் இன்பமேரியும் முன்சீட்டில் வருவாள். தோட்டத்தைத் தாண்டினால் அவள் பள்ளிக்கூடம்.

ஆடி மழை பிடித்த இரண்டாவது வாரம், வழியில் ஜோஜோவின் ஒர்க்‌ஷாப் முன்னால் அம்மா ஜீப்பை நிறுத்தினாள்.

"ஜோஜோ, இடது லைட்டு மங்கலா எரியுது. என்னன்னு பாரு தம்பி."

ஜோஜோ மலையாளி. தமிழில்தான் ஆரம்பிப்பான். பாதி வழியில் மலையாளத்துக்குத் தாவிவிடுவான். அவன் குனிந்து, விளக்கை விரலால் தட்டி, உள்ளே உற்றுப் பார்த்தான்.

"சேச்சி, உள்ளில் ஆவி கேறியிருக்கு. அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்."

"ஆவியா?" என்று பின்சீட்டிலிருந்து, பதினோரு பேரில் ஒருத்தியான மாரித்தாய் கேட்டாள்.

"ஆமா, ஆவி. மழைக்காலமல்லே, கேறும். ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போ சேச்சி, எறக்கி விடலாம்."

சொல்லிவிட்டு ஜோஜோ ஒரு லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான். ஒரு நாள் ஓட்டத்தை விட மனமில்லாமல் அம்மா வண்டியைக் கிளப்பினாள்.

அந்த ஒரு சொல் காசு கொடுக்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று வளைவுக்கு ஒரு கதை சொல்லும் மாரித்தாய், தோட்டம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அம்மா நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"அதான் இந்த ஜீப்ப பழைய ஓனர் அவ்வளவு மலிவாக் குடுத்தானா?" என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. சாலை இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. எல்லாவற்றையும் பனி விழுங்கியிருந்தது. அம்மா விளக்கைப் போட்டாள்.

வலது கண்ணின் வெளிச்சம் பனியில் வட்டமாக விழுந்தது.

இடது கண்ணின் வெளிச்சத்தில் ஒரு முகம் இருந்தது.

இன்பமேரிதான் முதலில் பார்த்தாள். இரண்டு கரும் குழிகள். கீழே கோணலாக ஒரு வாய். இரண்டு பக்கமும் அவிழ்ந்து தொங்கும் தலைமுடி. ஜீப் திரும்பியபோது முகமும் திரும்பியது. ஜீப் மெதுவாகப் போனபோது அதுவும் மெதுவாக முன்னால் நகர்ந்தது. அப்புறம் அந்த வாய் கீழ்நோக்கி நீண்டது. ஏதோ சொல்ல வருவது போல.

"நிறுத்து சாந்தா! நிறுத்துங்கறேன்ல!" என்று மாரித்தாய் அலறினாள்.

ஜீப் நிற்பதற்குள் பாதிப் பேர் குதித்துவிட்டார்கள். மிச்சம் இரண்டு கிலோமீட்டரையும் நனைந்துகொண்டே நடந்தார்கள்.

அடுத்த நாள் யாரும் ஏறவில்லை. மாரித்தாய் மட்டும் கிட்டே வந்து, கையை நீட்ட முடிந்த அளவு நீட்டி, பம்பரில் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கட்டிவிட்டுப் போனாள்.

"கோவிச்சுக்காத சாந்தா. எனக்கு உசுரு ஒண்ணுதான் இருக்கு."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு இன்பமேரி ஜீப்பில் ஏறும்போது, தோட்டத்து மேனேஜர் அம்மாவுக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை ஆட்கள் ஏறாவிட்டால் வேறு ஜீப் பேசிவிடுவாராம். அம்மா போனை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த ஓட்டம் போச்சுன்னா, ஜீப்ப வித்துட்டுக் கீழ மில் வேலைக்குப் போயிர வேண்டியதுதான் மேரி. நீயும் ஸ்கூலு மாறணும்."

இன்பமேரி பள்ளிப் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தபோது, அவள் தகரக் கொட்டகைக்குப் போனாள். மழை கூரையில் படபடத்தது. ஜீப்பில் ஏறி, சாவியைத் திருப்பி, விளக்கைப் போட்டாள்.

எதிர்ச் சுவரில் முகம் வந்தது. இப்போது இன்னும் பெரிது. தரையிலிருந்து கூரைவரை.

இன்பமேரிக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாசல் அந்தச் சுவரின் ஓரத்தில்தான் இருந்தது. அதனால் இறங்கி, சுவரைப் பார்க்காமல், விளக்கின் அருகே போனாள். பாவாடை நுனியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள்.

முகம் போகவில்லை.

அது வெளியே இல்லை. உள்ளே இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ஒரு துளி மெல்ல நகர்ந்து, இன்னொன்றைத் தொட்டு, இரண்டும் சேர்ந்து சரசரவென்று கீழே வழிந்தன. சுவரில் கண்குழியிலிருந்து ஒரு கோடு இறங்கியது.

"அழுறீங்களா?" என்று கேட்டாள் இன்பமேரி.

இன்னொரு துளி வழிந்தது.

"உள்ள மாட்டிக்கிட்டீங்களா? வழி தெரியலையா?"

அதற்கும் ஒரு துளி. அப்போதுதான் அவளுக்குப் பயத்தைவிடப் பாவம் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றியது. எல்லாரும் இதைத் துரத்தத்தான் பார்க்கிறார்கள். திறந்துவிட யாரும் பார்க்கவில்லையே!

"இருங்க. யார்கிட்டயாவது கேட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா ஜீப்பில் தோட்டத்துக்குக் கிளம்பினாள், மாரித்தாயிடம் ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று. இன்பமேரியும் கூடப் போனாள்.

மாரித்தாய்க்கு ஸ்டோரில் வேலை. பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம் அது. உள்ளே இருட்டு. தட்டுத் தட்டாக அடுக்கிய காய்கள். மூச்சை இழுத்தால் பாயசத்துக்குள் தலையை விட்ட மாதிரி வாசனை. மாரித்தாய் ஏணிமேல் நின்று தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மா வாயைத் திறக்குமுன் மாரித்தாய் கத்தினாள். "ஏ புள்ள மேரி! நல்ல நேரத்துல வந்த. அந்த மேல்கதவுக் கயித்த இழு. ஆவி வெளிய போகட்டும். உள்ளயே நின்னா காயெல்லாம் வேர்த்துக் கறுத்துப்போகும்."

இன்பமேரி கயிற்றை இழுத்தாள். மேலே சின்னக் கதவு திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று புஸ்ஸென்று கிளம்பிப் போனது. அவள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

"அத்தை, இப்ப என்ன சொன்னீங்க?"

"கயித்த இழுன்னேன்."

"எதுக்கு?"

"ஆவி போக..." மாரித்தாயின் வாய் திறந்தபடியே நின்றது.

"தினம் எத்தனை ஆவிய வெளிய விடுறீங்க, அத்தை?"

"அடியே! இது காயில இருந்து வர்ற ஆவி. கொதிக்கிற சோத்துல வருமே, அது மாதிரி."

"ஜோஜோ சேட்டன் சொன்னது மழையில இருந்து வந்த ஆவியா இருந்தா?"

மாரித்தாய் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினாள். மறுபடி ஏறிக்கொண்டாள்.

"அப்போ அந்த மூஞ்சி?"

இன்பமேரி கயிற்றை விட்டுத் திரும்பினாள். "அதையும் திறந்துவிட்டுப் பார்ப்போமே" என்றாள்.

அம்மா வெளியே நின்ற ஜீப்பிலிருந்து ஸ்பானர் எடுத்தாள். நாலு போல்ட்டைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்தார்கள். பின்பக்கம் பார்த்ததும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அங்கே ஒரு சிறு துவாரம். கறுப்புப் பசையால் அடைத்துக் கிடந்தது.

"மழைக்கு முன்னாடி நான்தான் அடைச்சேன். தண்ணி உள்ள போயிரக் கூடாதுன்னு."

"அதும் மூச்சு விடுற மூக்குப் போலம்மா" என்றாள் இன்பமேரி. "மூக்கப் பொத்திட்டா?"

பசையைச் சுரண்டி எடுத்தார்கள். பல்பையும் பின்மூடியையும் கழற்றினார்கள். ஆனால் விளக்கை ஸ்டோருக்குள் வைக்க மாரித்தாய் சம்மதிக்கவில்லை.

"என் காய் பக்கத்துலயா? ஆகாது."

"ஒரு மணி நேரம், அத்தை."

"கால் மணி."

"முக்கால் மணி. நானும் உள்ளேயே உட்கார்ந்துக்கிறேன்."

மாரித்தாய் யோசித்தாள். குழந்தையைத் தனியாக விடவும் மனம் வரவில்லை. "சரி, முக்கால் மணி. நானும் இருக்கேன். ஆனா நான் பார்க்க மாட்டேன்."

மேல்தட்டில் விளக்கை வைத்து, பின்னால் ஒரு டார்ச்சை எரியவிட்டார்கள். எதிர்ச் சுவரில் முகம் வந்தது. மாரித்தாய் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். முந்தானையில் ஓட்டை இருந்தது அவளுக்கும் தெரியும்.

சூடு ஏறியது. எங்கோ ஒரு தட்டு கிறீச்சிட்டது.

முதலில் வாய் சுருங்கியது. பிறகு தலைமுடி நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாக அழிந்தது. ஒரு கண் போயிற்று. கடைசியில் சுவரில் ஒரே ஒரு கண் மட்டும் மிஞ்சி, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம். கடுகு அளவு ஆகியும் பார்த்தது.

அப்புறம் இல்லை.

மேல்கதவு தானாக ஒரு தரம் ஆடியது. மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று வெளியேறி, ஏலச் செடிகளின் மேலே தயங்கி நின்று, பனியில் கலந்தது.

"போயிட்டு வாங்க" என்றாள் மாரித்தாய், பழக்கதோஷத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, இல்ல இல்ல! போயிட்டு வராதீங்க! போயிருங்க!"

இன்பமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருட்டில் சிரித்தபோதுதான் பயம் எவ்வளவு நேரம் கூட இருந்தது என்று தெரிந்தது.

அம்மா போன் செய்ததும், மத்தியானம் ஜோஜோ வந்தான். துவாரத்தில் மாட்ட ஒரு சின்ன ரப்பர் குழாய் கொண்டுவந்திருந்தான். வளைந்த குழாய், தண்ணீர் உள்ளே ஏறாது, ஆவி வெளியே போகும். நடந்ததையெல்லாம் கேட்டதும் அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"எண்டே சேச்சி! ஞான் பறஞ்ஞது பிரேதமல்ல!"

"பிரேதமா?" மாரித்தாய் ஒரே தாவலில் மூட்டைமேல் ஏறிவிட்டாள். "உள்ள பொணமும் இருந்துச்சா?"

ஜோஜோவின் பாஷையில் ஆவி என்றால் நீராவி, பிரேதம் என்றால் பேய். மாரித்தாயின் பாஷையில் பிரேதம் என்றால் பிணம். அவளை மூட்டையிலிருந்து இறக்க, விளக்கை உலர்த்தியதைவிட அதிக நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. அதே பனி. பதினோரு பேரும் சாவடியில் நின்றார்கள். அம்மா விளக்கைப் போட்டாள்.

இரண்டு வெள்ளை வட்டங்கள். நடுவில் வெறும் சாலை.

மாரித்தாய் ஐந்து விநாடி பார்த்தாள். பத்து விநாடி பார்த்தாள். பிறகு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். மற்ற பத்துப் பேரும் இடித்துக்கொண்டு ஏறினார்கள். அம்மா ஒரு பெருமூச்சு விட்டுக் கியரைப் போட்டாள்.

நாலாவது வளைவில், வெளிச்சத்துக்கு முன்னால் பனியின் ஒரு கீற்று மட்டும் தனியே நகர்ந்து போனது. பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிக் காணாமல் போயிற்று. இன்பமேரி யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விரலை மட்டும் லேசாக ஆட்டினாள்.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஜோஜோ நின்றிருந்தான். "லைட்டு எங்கனே உண்டு? எப்படி இருக்கு?"

"லைட்டு ஜோர்!" என்று மாரித்தாய் தலையை வெளியே நீட்டினாள். "உன் பேச்சுத்தான் மோசம். ரெண்டு சொல்லு குடுத்த. ரெண்டும் பேயி! அதுக்குப் பதிலா நல்ல சொல்லாக் குடு!"

ஜோஜோ தாடையைச் சொறிந்தான். "ஈர்ப்பம்?"

"அது எங்க ஊர்ல ஈரம், சேட்டா!" என்றாள் இன்பமேரி. மடியில் இருந்த கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஜீப்பின் குலுக்கலில் கோணலாக எழுதினாள்:

ஜோஜோ சேட்டன் தந்த கெட்ட சொல், இரண்டு. மாற்றித் தந்த நல்ல சொல், ஒன்று. பாக்கி, ஒன்று.