கழுத்தடி முடிச்சு

மூன்று நாள் வெயிலில் போட்டும் தலைக்கவசத்தின் உள்மெத்தை காயவில்லை.

அதே கொடியில் காலையில் விரித்த கம்பளி மத்தியானத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிட்டது. இதுவோ கையகலப் பஞ்சுத் திண்டு. பிழிந்தால் இன்னும் சொட்டுகிறது. தத்தேயா அதை மூக்கருகே கொண்டுபோனாள். துலக்கப் போட்ட வினிகரின் வாடை இல்லை, மணலின் வாடை இல்லை. வியர்வை. அவள் புருஷன் கல்வானோவின் வியர்வை. பன்னிரண்டு வருஷம் ஒரே தலையணையில் படுத்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அவனைப் புதைத்து ஐந்து நாளாகியிருந்தது.

ஆற்றங்கரை ஊர், காற்றிலேயே ஈரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, அதையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அங்கே மரக்கம்பத்தில் அவனுடைய கவசம் தலை முதல் கால் வரை மாட்டியிருந்தது. கூலிக்குப் போர் செய்யும் படையில் குதிரைவீரன் அவன். சண்டை நடந்த அன்று ராத்திரி, அவனோடு போன உதவியாள் போஸியோதான் இதைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வந்தான். உடம்பை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

"ஒரே அடி அண்ணி. சுத்தியல் அடி, நெத்தியில. என்ன நடந்துச்சுன்னே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றிருந்தான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஐந்து நாள் உயிரோடு இருந்தாள். ஏனென்றால் அன்று விடியலில் அவனுக்குக் கவசம் பூட்டியது அவள். வழக்கமாகப் பூட்டுகிற போஸியோவுக்குக் கட்டைவிரலில் நகச்சுத்து. பாதத்தில் தொடங்கி மேலே மேலே பூட்டி வந்து, கடைசியாகத் தலைக்கவசம். அதை மோவாய்க்கடியில் பூட்டும் நாடிவாரின் கொக்கி முதல் நாளே உடைந்திருந்தது. தோல் கயிற்றை நனைத்து எடுத்தாள். கல்வானோ குழந்தை மாதிரி நாடியைத் தூக்கிக் காட்டினான்.

"ஒத்த முடிச்சு போதும்டி. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எப்படி அவுக்குறது?" என்று இரும்புக் கையுறையின் தடித்த விரல்களை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"நீங்க எதுக்கு அவுக்கணும்? வந்து சேருங்க, நான் அவுக்குறேன்."

"கழுத்து இறுகுதுடி."

"இறுகட்டும். வசந்தத்துல அடி வாங்கி இது திரும்பிக்கிட்டு, பாதிச் சண்டை கண்ணு தெரியாம நின்னீங்களே, மறந்துபோச்சா?"

இரட்டை முடிச்சு போட்டாள். அவள் கைக்கு வேறு முடிச்சு வராது. இப்போது தலையில் கட்டியிருக்கும் விதவைத் துணிக்கும் நாடிக்கடியில் அதே முடிச்சுதான்.

அவள் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த எஃகை வாள் வெட்டாது, வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று கல்வானோதான் சொல்லிக் கொடுத்திருந்தான். அதனால் சுத்தியலால் அடித்துத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, அக்குளிலோ தொடையிடுக்கிலோ கண் துளையிலோ மெல்லிய கத்தியைச் செருகுவார்கள். இரும்பு எங்கே மடங்க வேண்டுமோ, சாவுக்கு அங்கேதான் வாசல். கண் தெரியாதவனை வீழ்த்துவது சுலபம்.

ஆனால் இந்தக் கவசத்தில் ஒரு துளை இல்லை. அக்குள் சங்கிலியில் ஒரு வளையம்கூட அறவில்லை. நெற்றியில் முட்டையளவு ஒரு குழி, நசுங்கி இறுகிப்போன முகத்தகடு, அவ்வளவுதான். அடித்தவன் ஒரே அடியில் நேர்த்தியாகத்தான் முடித்திருக்கிறான் என்று முதல் நாள் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பன்றிக்கொழுப்பு தொட்டுக் கழுத்துத்தகட்டைத் தேய்த்தபோதுதான் கீறல்கள் விரலில் தட்டின. நாடிக்கு நேர் கீழே. மெல்லிசாக, நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, இரும்பு வெளுத்துப்போகும் அளவுக்கு. வாளோ சுத்தியலோ இப்படிக் கீறாது. கையுறையை எடுத்து அதன் விரல்நுனிகளைக் கீறல்களின் மேல் வைத்துப் பார்த்தாள்.

பொருந்தின. நான்கும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். போஸியோ அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. ஆறாம் நாள் உச்சி நெருங்கும்போது ரொட்டியோடு வந்தவன், அவள் அந்தத் தகட்டை நீட்டியதும் பேயறைந்தவன் போல் நின்றான்.

"நான் போய்ச் சேர்றப்ப மாலைப் பூசை மணி அடிச்சிருச்சு அண்ணி."

"விழுந்தது எப்போ?"

"உச்சிக்கு முந்தி. செத்துட்டாருன்னு நெனச்சு நாங்க எல்லாரும் தாண்டி ஓடிட்டோம். என்னைச் செருப்பாலயே அடிங்க."

"அப்புறம்?"

"மூஞ்சித் தகடு தெறக்கல. கயிறு காஞ்சு கல்லாட்டம் கெடந்துச்சு. கத்தியால ரெண்டா அறுத்துத்தான் எடுத்தேன். காயம்னு மருந்துக்கும் இல்ல. உள்ள ஒடம்பு வெந்துபோயிருந்துச்சு." அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "பக்கத்துல கால் ஒடிஞ்சு கெடந்தவன் சொன்னான், ரொம்ப நேரம் தகடு சுரண்டுற சத்தம் கேட்டுச்சாம். போகப் போகக் கொறஞ்சு நின்னுபோச்சாம்."

தத்தேயா தகட்டைத் தரையில் வைத்தாள். அந்த வயல்வெளி, உச்சி வெயில், அடைபட்ட இரும்புக்குள் அவன் மூச்சு, அவள் முடிச்சு. வேறு எவன் ஆயுதமும் அவன் உடம்பைத் தொடவில்லை. அவள் கைதான் தொட்டது.

"அறுத்தியா? நெஜமா அறுத்தியா?" என்றாள் மெதுவாக.

"ஆமா அண்ணி, ரெண்டா."

அவள் உள்ளறையைக் காட்டினாள். கம்பத்தின் மேல் தலைக்கவசம் உட்கார்ந்திருந்தது. இப்போதுதான் இங்கே தரையில் வைத்த கழுத்துத்தகடும் தன் இடத்தில் இருந்தது. அதை அவள் மாட்டவில்லை. நாடிக்கடியில் கயிறு முழுசாக இருந்தது. இரட்டை முடிச்சு. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

போஸியோ சிலுவை போட்டுக்கொண்டான். "வெளிய வந்துருங்க. நான் சாமியாரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினான். தத்தேயா போகவில்லை. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும் என்பது படைவீட்டுப் பழக்கம். அவள் வாக்கும் கொடுத்திருந்தாள்.

உச்சி மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் நாய்கூட இல்லை. சன்னல் வழியே விழுந்த வெயில் மார்புத்தகட்டில் பட்டு அறை முழுக்கச் சூடு பரப்ப, கொழுப்பும் வியர்வையும் கலந்த நாற்றம் தொண்டையை அடைக்க, அவள் கம்பத்தின் முன்னால் போய் நின்றாள். முகத்தகட்டின் மூச்சுத் துளைகள் அவள் கண்ணுக்கு நேரே இருந்தன. உள்ளே ஏதோ இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

நகத்தால் நெம்பினாள். முடிச்சு அசையவில்லை. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். உப்புக் கரித்தது. துளைகளிலிருந்து அனல் அவள் நெற்றியில் அடித்தது.

"இருங்க. இதோ. இதோ அவுத்துட்டேன்."

ஒரு புரி தளர்ந்தது. இன்னொன்று.

அவிழ்ந்தது.

தலைக்கவசத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். அடுப்பைத் திறந்தது போல் ஒரு வெப்பம் முகத்தில் மோதிப் போனது. உள்ளே யாருமில்லை. மரக்கம்பத்தின் மொட்டை நுனிதான்.

அவள் நிற்கவில்லை. கழுத்துத்தகடு. கையுறை. தோள். மார்பு. தொடை. மேலிருந்து கீழே, அவன் வந்திருந்தால் எப்படிக் கழற்றியிருப்பாளோ அப்படியே ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். எல்லாம் காலி. எல்லாம் கொதித்தது. இரும்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க, என்னை மன்னிச்சிருங்க" என்று வாய்விட்டு அழுதாள்.

மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. உள்மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

சர்ர்.

தரை ஓட்டில் இரும்பு.

சர்ர். சர்ர்.

கண்ணைத் திறந்தாள். இரண்டு கையுறைகளும் வைத்த இடத்தில் இல்லை. அவள் பாவாடை விளிம்பில் இருந்தன. மடியில் ஏறின. கனமாக, சூடாக, நடுங்கிக்கொண்டே. நெஞ்சின் மேல் ஊர்ந்தன. அவள் நாடிக்கடியில் வந்து நின்றன.

விதவைத் துணி. அங்கேயும் அவளுடைய முடிச்சு.

விரல்கள் மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தன. அதில் கோபம் இல்லை. அவளையாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம்தான். துணி கிழிந்தது. அதன் கீழே தோல். தத்தேயா கத்தவில்லை. அன்று விடியலில் அவன் அவளுக்குக் காட்டியது போல, நாடியைத் தூக்கிக் காட்டினாள்.

இரும்பு விரல்கள் தேடிக்கொண்டேயிருந்தன. முடிச்சு அகப்படவில்லை.