விரிசல் மேல் ஒரு கண்ணாடித் துண்டு

போன் அடித்தது.

காலை பத்து மணி. ஆர்க்கிடெக்ட் தன் ஆபீஸில் உட்கார்ந்து, திறப்பு விழா அழைப்பிதழில் தன் பெயர் போதுமான அளவு பெரிதாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் நூலகத்து வாட்ச்மேன் பேசுறேன்."

"சொல்லுப்பா."

"பெரிய ஹால் நடுவுல ஒத்தைத் தூண் இருக்குல்ல... அதை ஒட்டின சுவர்ல விரிசல் விட்டிருக்கு சார்."

"புதுச் சுவர்னா விடத்தான் செய்யும். பூசச் சொல்லு. சனிக்கிழமை திறப்பு விழா."

"பூசலாம் சார். ஆனா..."

"என்ன ஆனா?"

"விரிசலோட ரெண்டு நுனியிலயும் யாரோ சிவப்புப் பென்சில்ல கோடு கிழிச்சு, தேதி போட்டிருக்காங்க. குறுக்கால ஒரு கண்ணாடித் துண்டு வேற ஒட்டியிருக்கு."

அழைப்பிதழ் கையிலிருந்து நழுவியது.

விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடி ஒட்டுவது இன்ஜினியர்களின் பழக்கம். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. உடைந்தால் இன்னும் நகர்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் காதில் சிவப்புப் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிந்தவர் ஒருவர்தான்.

அவருடைய கூட்டாளி. இன்ஜினியர்.

பதினோரு மாதமாகக் காணவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவருடைய கார் மட்டும் கிடைத்தது. எங்கே போனார் என்று போலீசுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியாது.

ஆர்க்கிடெக்டுக்குத் தெரியும்.

அந்தத் தூணுக்கு அடியில்!

*

இருபது வருடக் கூட்டணி. இவர் வரைவார், அவர் நிற்க வைப்பார். இவர் சுவரை வளைத்தால் அவர் கம்பியைக் கூட்டுவார். எலியும் பூனையும் போல இருந்தாலும் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

நூலகம் வந்தது. எல்லாம் கெட்டது.

"ஹாலுக்கு நடுவுல தூண் வராது" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"தூண் வரலைன்னா கூரை வரும். கீழே" என்றார் இன்ஜினியர்.

இரண்டு வருடம் இதே சண்டை. இன்ஜினியர் திருத்தித் திருத்தி டிராயிங் அனுப்புவார். "முதல்ல பிரிச்சுப் பாரு, அப்புறம் பேசு" என்பார். ஆர்க்கிடெக்ட் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. சுருளின் மேல் அச்சடித்தது போல எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த தகர டிரம்மில் சொருகிவிடுவார். பேனா பிடித்தால் கோழி கிறுக்குவது போல எழுதுகிற ஆள், டிராயிங்கில் மட்டும் எப்படி இவ்வளவு அழகாய் எழுதுகிறான் என்று அவருக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம் உண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் ஆட்கள் போய்விட்டார்கள். தூணுக்கான அஸ்திவாரக் குழியின் ஓரத்தில் இரண்டு பேர் மட்டும்.

"புது டிராயிங் மதியமே அனுப்பிட்டேனே. பார்த்தியா?"

"உன் டிராயிங்ல என்ன இருக்கும்னு பிரிக்காமலே தெரியும்டா."

"முதல்ல பிரிச்சுப் பாரு" என்று இன்ஜினியர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான்... கை தானாக நீண்டது. ஒரே ஒரு தள்ளு.

குழிக்குள் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கரையில் குவிந்திருந்த மண்ணை ஆர்க்கிடெக்ட் வாரி வாரித் தள்ளினார். சாவியோடு நின்ற இன்ஜினியரின் காரை ஓட்டிப்போய் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கே சைட்டுக்கு வந்து, "இன்ஜினியர் நேத்துக் காலையிலேயே சொல்லிட்டாரு, கான்கிரீட் போடுங்க" என்றார். குழி ஆழம் குறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆழத்தை அளக்கிற ஒரே ஆள் அதற்கடியில் படுத்திருந்தார்.

தூண் எழுந்தது. ஆர்க்கிடெக்ட் வேண்டவே வேண்டாம் என்ற அதே தூண்.

*

ஆர்க்கிடெக்ட் போனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்ப் பார்த்தார். சுவரில் விரிசல் நேராக இல்லை. தூணை நோக்கிச் சாய்வாக இறங்கியிருந்தது. நுனியில் சிவப்புத் தேதி. ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு.

டிராயிங் சுருள்களின் மேல் பார்த்த அதே ஏழு.

"யாருப்பா உள்ள வந்தது?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "யாரும் வரலை சார். சாவி மூணுதான். ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட."

"மூணாவது?"

"இன்ஜினியர் சார் பாக்கெட்ல இருந்துச்சு..."

ஆர்க்கிடெக்ட் கண்ணாடியைப் பெயர்த்தெடுத்தார். கொத்தனாரை வரவழைத்துப் பூசி, அன்றைக்கே வெள்ளையும் அடித்தார்.

மறுநாள் வந்து பார்த்தபோது பூச்சைப் பிளந்துகொண்டு அதே விரிசல் நின்றது. அதே சிவப்புக் கோடு, புதுத் தேதி. புதுக் கண்ணாடி ஒட்டப்பட்டிருந்தது. அது நடுவில் உடைந்திருந்தது!

வீட்டில் சோறு இறங்கவில்லை. இன்ஜினியர் எந்தத் தூணைக் கண்டாலும் பென்சிலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். டொக். டொக். குளியலறையில், காருக்குள், மனைவி காய் நறுக்கும்போது... எங்கே திரும்பினாலும் அந்தச் சத்தம் கேட்டது. இப்போது அவர் உள்ளே இருந்து தட்டுகிறார் என்று தோன்றியது. பயந்தார். வாய்விட்டு அழவும் செய்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போனார். கதவு திறந்திருந்தது.

டொக். டொக்.

இது காதுக்குள் கேட்டது இல்லை. ஹாலுக்குள் கேட்டது.

"யாரு?" குரல் கிணற்றிலிருந்து வந்தது போல இருந்தது.

"நான்தான் அண்ணா."

இன்ஜினியரின் மனைவி. அவளும் இன்ஜினியர்தான். புருஷன் காணாமல் போனபின் அவருடைய ஆபீஸை நடத்துகிறவள். தரையில் மண்டிபோட்டு, தூணைச் சுற்றியிருந்த டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் சிவப்புப் பென்சில். தூணைச் சுற்றிக் கூரைக்கு இரும்பு முட்டு கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் ஏப்பம் விட்டபடி நின்றார்.

ஆர்க்கிடெக்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேய் இல்லை!

"நீதானாம்மா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். அவன் எழுத்து மாதிரியே இருந்துச்சு."

"இருபது வருஷமா அவர் டிராயிங்ல எழுத்து மொத்தமும் என் கைதான் அண்ணா. இந்த நூலகத்துக்குத்தான் முதல் தடவையா கீழ் மூலையில என் பேரையும் போட்டார்; ஒரு டிராயிங்கைப் பிரிச்சிருந்தாக்கூடப் பார்த்திருப்பீங்க."

"வாட்ச்மேன் யாரும் வரலைன்னானே?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "பாவம், பொய் சொல்லிட்டு ரெண்டு நாளா தூங்கலையாம்."

"எதுக்கு சார் இந்த முட்டெல்லாம்?"

"தூணுக்கு அடியில தோண்டப் போறோம்."

"தோண்டுறதா? நாளன்னைக்குத் திறப்பு விழா சார். பூசினா சரியாப் போயிடும்."

"போகாது அண்ணா" என்றாள் அவள். "விரிசல் சாய்வா போனா, அடியில மண் இறங்குதுன்னு அர்த்தம். இந்த இடத்து மண்ணை நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன். பாறை மாதிரி. மத்த இருபத்தேழு தூணும் நூலளவுகூட அசையலை. இது ஒண்ணு மட்டும் இறங்கிட்டே இருக்கு. யாரோ குழியில லூசு மண்ணைப் போட்டு, அதுமேல கான்கிரீட் போட்டிருக்காங்க. ஒரு இன்ஜினியர் அதைச் செய்யவே மாட்டார்."

"மண்ணு உங்க வேலைம்மா. எனக்கு அதுல என்ன தெரியும்?"

"அதேதான் சார் நானும் யோசிச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "தெரிஞ்ச ஆளா இருந்தா மண்ணை இடிச்சுக் கெட்டியாக்கியிருப்பாங்க."

ஆர்க்கிடெக்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர், இந்தத் தூணைக் கேட்டதே அவன்தான். நான் வேண்டாம்னு ரெண்டு வருஷம் சண்டை போட்டவன். ஊருக்கே தெரியும்."

"அதுதான் சார் இடிக்குது. அவர் காணாமப் போன மறுநாளே தூண் இருக்கட்டும்னுட்டீங்களே."

"அவன் ஞாபகார்த்தமா... கடைசி டிராயிங்ல இருந்தபடியே கட்டினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவர் போனபிறகு நான் இந்தப் பக்கமே வரலை; வாட்ச்மேன் விரிசல்னு சொன்னப்போதான் இந்தத் தூணையே பார்த்தேன். கடைசி டிராயிங் எதுன்னு தெரியுமா அண்ணா?"

இன்ஸ்பெக்டர் ஒரு சுருளை நீட்டினார். "வாரண்டோட நேத்து ராத்திரி உங்க ஆபீஸ்ல எடுத்தது. டிரம்ல பதினேழு சுருள். பதினேழும் பிரிக்கலை. இதுதான் கடைசி."

சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் காய்ந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தது. அவள் அதைப் பிய்த்தாள். தரையில் விரித்தாள்.

பெரிய ஹால். நடுவில் தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் அச்சடித்தது போன்ற எழுத்து: 'நடுத்தூண் நீக்கப்பட்டது. உத்திரத்தின் ஆழம் கூட்டப்பட்டது. குழியை மூடவும்.'

அதற்குக் கீழே சிவப்புப் பென்சிலில், கோழி கிறுக்கியது போல ஒரு வரி: 'நீ ஜெயிச்சுட்டேடா.'

தேதி, அந்தச் சாயங்காலத்தின் தேதி.

ஆர்க்கிடெக்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரல் அந்த வரியைத் தடவியது.

"ஆறு மாசம் ராத்திரி பகலா கணக்குப் போட்டார்" என்றாள் அவள். "உங்க ஹால் அழகா இருக்கும், அதைக் கெடுக்க மனசு வரலைன்னார். வாயால சொல்ல மாட்டேன், அவன் பிரிச்சுப் பார்த்துட்டு ஓடி வரணும்னு சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சார்."

"சொல்லியிருக்கலாமே... பிரிச்சுப் பாரு, பிரிச்சுப் பாருன்னுதானே சொன்னான்... சிரிச்சுட்டே சொன்னானே..."

"எப்போ சார் சொன்னாரு?"

இன்ஸ்பெக்டரின் குரல் மெதுவாக வந்தது.

"இந்த டிராயிங் உங்க ஆபீஸுக்கு வந்தது மதியம் மூணு மணிக்கு. அதுக்கப்புறம் நீங்க அவரைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. சிரிச்சதை எங்கே நின்னு பார்த்தீங்க?"

ஆர்க்கிடெக்டின் கண்கள் தூணின் அடிக்குப் போய் நின்றுவிட்டன.

அது போதுமானதாக இருந்தது.

அவள் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவரைச் சீக்கிரம் வெளிய எடுங்க சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். ஆர்க்கிடெக்டை அவள் மறுபடி அண்ணா என்று கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஆர்க்கிடெக்டின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"கிளம்புங்க சார். இப்போ போற ரூம்ல நாலு சுவர் மட்டும்தான். நடுவுல தூண் கிடையாது... யாரோடயும் சண்டை போட வேண்டியதில்லை."