ஆறாவது உருப்படி

மாவுக்கட்டுக்குள் அரித்தது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. தொடையிலிருந்து பாதம்வரை இடது காலை இறுக்கிப் பிடித்திருந்த அந்த வெள்ளைக் குழாய்க்குள் நீளமான பின்னல் ஊசியை மேல்பக்கமாக நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சொறிந்துகொள்வதுதான் ஆறு வாரமாக அவளுடைய பிற்பகல்களின் ஒரே சுகம். இன்றும் அப்படித்தான் நுழைத்தாள். ஊசி நான்கு விரற்கடை இறங்கியது. தோல் தட்டுப்படவில்லை. எதிலோ இடித்து, ‘ணங்’ என்றது.

கண்ணைத் திறந்தாள். இன்னொரு முறை, இந்தத் தடவை தூங்குகிற நாயைத் தொடுவதுபோலப் பயந்து பயந்து, ஊசியை இறக்கினாள்.

ணங்.

காலி அண்டாவில் கரண்டி படுமே, அந்தச் சத்தம்.

கூரியர் அலுவலகத்தில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர். பொட்டலம் கைமாறி முடியும் முன்பே தெருமுனையில் இருப்பாள். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிறவி. அப்படிப்பட்டவளை ஈரமான ஒரு வளைவு கீழே தள்ளி, மூன்றாவது மாடி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கொண்டுவந்து கட்டிப்போட்டுவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். நாளை மறுநாள் வண்டியை எடுத்துவிடுவேன் என்று மருத்துவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். இந்த ஒரு நாளைத் தள்ளிவிட்டால் போதும். காலை முதல் அவள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; கடிகாரத்தையும் போனையும்.

போனில் இருந்தது தங்கையின் கேம். வாளும் பூதமும் மலைக்கோட்டையுமாக விரிந்து கிடக்கும் ஓர் உலகம். தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஆள் வராத நேரத்தில் தன் போனிலிருந்து சண்டைக்குப் போவாள். அக்கா வீட்டிலிருந்து அதே கணக்கில் நுழைந்து பட்டறையைப் பார்த்துக்கொள்வாள். “சண்டை என்னுது, சம்மட்டி உன்னுது” என்று முதல் நாளே பாகம் பிரித்தாகிவிட்டது.

பட்டறை வேலை பொறுமைக்கு வைத்த பரீட்சை. முதல் வாரம் முழுக்க ஆணி. அப்புறம் தோல்வார். அப்புறம் கையுறை. ஒரே கையுறையை நூறு தடவை செய்து, உடைத்து, உருக்கி, மறுபடி செய்தால்தான் கைத்திறன் ஒரு படி ஏறும். நிற்கத் தெரியாதவளுக்கு அது எப்படியோ பிடித்துப்போயிற்று. கால் போகாத இடத்துக்கெல்லாம் கை போய்க்கொண்டிருந்தது. இரும்பு எந்தச் சிவப்பில் வளையும், எந்தச் சிவப்பில் விரியும் என்று திரையைப் பார்த்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். நேற்றிரவுதான் கடைசிப் படி ஏறினாள். முழுக் கவசம் செய்யும் படி.

இன்று காலை தங்கை கிளம்பியதும் ஆறு உருப்படிகளையும் ஒரே வரிசையில் போட்டாள். இடது கால், வலது கால், இடுப்பு, மார்பு, கைகள், தலை. கேம் ஒரு கேள்வி கேட்டது: வீரன் அளவா, செய்பவர் அளவா? இந்தக் கேமை ஆடுகிறவர்கள் யாருமே அங்கே யோசிப்பதில்லை. செய்பவர் அளவு என்று போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு லெவல் கூடுதலாக வரும். அவளும் யோசிக்காமல் அதையே அமுக்கினாள். வரிசை ஓடத் தொடங்கியது. கேமை மூடினாலும் அது ஓடும். போனையே அணைத்தாலும் ஓடும். பட்டறை அவளுடைய போனில் இல்லையே, எங்கோ இருக்கிறது.

இப்போது திரையில் இடது கால் முடிந்திருந்தது. பளபளவென்று, கறுப்பாக, தொடையிலிருந்து பாதம்வரை.

அவள் குனிந்து மாவுக்கட்டின் மேல்விளிம்பைப் பார்த்தாள். பஞ்சுக்கும் தொடைக்கும் நடுவே கறுப்பாக ஒரு விளிம்பு. மெல்லிசாக, சீராக, அழகாக மடித்து அடித்த விளிம்பு. அதில் வரிசையாக அறைந்த ஆணிகள். ஆணிகளின் இடைவெளி அவளுக்குத் தெரியும். ஒரு விரல் விட்டு ஒரு விரல். அவள் பழகிய இடைவெளி.

அறையில் ஒரு வாசனை வந்திருந்தது. சுட்ட இரும்பின் வாசனை, அதற்கடியில் பதப்படாத தோலின் வாசனை, அதற்கும் அடியில் வேறு ஏதோ. பல் மருத்துவர் பல்லைக் குடையும்போது வருமே, நம்முடையதே நமக்குக் கருகும் அந்த வாசனை. ஜன்னலுக்கு எதிரே கிடங்குச் சுவர் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் ஜெனரேட்டர் தன்பாட்டுக்கு உறுமியது. அந்த உறுமலுக்குள், மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். கீழ்வீட்டில் குழாய் மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீழ்வீடு மாலைவரை பூட்டியிருக்கும் என்பதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கேமின் சத்தத்தை அவள் எப்போதும் அடைத்துத்தான் வைப்பாள். இப்போதும் அடைத்துத்தான் இருந்தது.

அப்போதுதான் நல்ல காலின் குதிகாலில் குளிர்ந்தது.

போர்வையை விலக்கிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. முதலில் திரையைப் பார்த்தாள். வலது கால், நூற்றுக்கு இருபது.

பிறகு போர்வையை விலக்கினாள். கணுக்கால்வரை கறுப்பு. அவள் பார்க்கப் பார்க்க, மூன்று தட்டுக்கு ஒரு முறை, கறுப்பு ஒரு நெல்லளவு மேலே ஏறியது. வலி கிடையாது. வலித்திருந்தால்கூடத் தேவலாம். குளிர் மட்டும், இறுக்கம் மட்டும், அளவெடுத்துத் தைத்ததுபோல அத்தனை பொருத்தம்.

‘வரிசையை ரத்து செய்’ என்பதை அமுக்கினாள். ‘கணக்கு உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்றது திரை. தங்கைக்குப் போன் போட்டாள்.

“என்னக்கா, கடையில ஆள் இருக்காங்க. சுருக்கா சொல்லு.”

“அந்த வரிசையை நிறுத்துடீ. உன் போனுக்குக் கேள்வி வந்திருக்கும். சரின்னு அமுக்கு.”

“ஏன், நல்லாத்தானே போகுது? இடது கால் என்னமா வந்திருக்கு தெரியுமா? கண்ணுல ஒத்திக்கலாம் போல.”

“அது என் கால்ல இருக்குடீ.”

“என்னது?”

“இரும்பு. கட்டுக்குள்ள. இப்ப அந்தக் காலுக்கும் ஏறுது.”

தங்கை சிரித்தாள். “ஒரே இடத்துல உக்காந்தா உனக்கு மறை கழண்டுடும்னு அன்னைக்கே சொன்னேன். இருங்க சார், அந்த ஃபிரேம் உங்க மூக்குக்கு நிக்காது, இதைப் போடுங்க. அக்கா, சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?”

“விளையாடலடீ. சத்தியமா. நிறுத்து.”

“நிறுத்தினா அத்தனை சரக்கும் சாம்பலாயிடும்க்கா. ஒரு ஆணிகூடத் திரும்ப வராது. நீ ஆறு வாரமா இழைச்சு இழைச்சுச் சேத்தது. எனக்குக் கை வருமா? இந்த செட்டுல ஆறும் முடிஞ்சாத்தான் கழட்டவே முடியும். முடியட்டும், கழட்டிடலாம். வைக்கட்டுமா?”

வைத்துவிட்டாள். பாவம், அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது. உலகத்தில் எந்தத் தங்கை நம்பியிருப்பாள்?

வாசல் கதவு பன்னிரண்டு அடி தூரம். தங்கை அதை வெளியே பூட்டிக்கொண்டுதான் போவாள். அக்கா எழுந்துவந்து திறக்க வேண்டாமே என்ற அக்கறை. பூட்டியிருந்தால் என்ன, தட்டலாம். மாடிப்படியில் யாராவது ஏறி இறங்குவார்கள். போனைச் சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு வாக்கரைப் பிடித்து எழுந்தாள். எழுந்தபோது தரை முனகியது. கால்களின் கனம் அப்படி. வாக்கர் ஓரடி நகர்ந்தது, கால்கள் நகரவில்லை. இரண்டு கால்களும் தொடைவரை முடிந்துவிட்டிருந்தன. இனி மடங்காது.

விழுந்தாள். கைகளால் தரையை இழுத்து இழுத்து, பின்னால் இரண்டு தூண்களைக் கட்டி இழுப்பவள்போல, கதவை நோக்கிப் போனாள். பாதி வழியில் இடுப்பு இறுகியது. வார்ப்பட்டையின் கொக்கி தொப்புளுக்கு நேரே தானாக மாட்டிக்கொள்வதை அவள் கேட்டாள். கதவை எட்டியபோது விலாவின் இருபுறமும் குளிர் ஏறத் தொடங்கியிருந்தது.

கதவில் சாய்ந்து உட்கார்ந்து தட்டினாள். கத்தினாள். ஜெனரேட்டர் உறுமியது. மறுபடி கத்த மூச்சை இழுத்தாள், பாதியில் நின்றது. மார்பு விரிய இடம் இல்லை. சின்னச் சின்ன மூச்சு. குருவி மூச்சு. அதற்குமேல் இடமில்லை.

போனை எடுத்தாள். கைகளைப் பார்த்தாள்.

எத்தனை அழகான கையுறை. நூறு தடவை செய்து, உடைத்து, நூறு தடவை செய்து பழகிய கை அல்லவா. ஒவ்வொரு விரல்கணுவுக்கும் தனித் தகடு. பெருவிரலால் திரையைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள். தேய்த்தாள். இரும்பு விரலைத் திரைக்குத் தெரியவில்லை. அது யாருடைய விரலும் இல்லை அதற்கு.

போனைத் தரையில் வைத்தாள். மார்புத் தகடு குனிய விடவில்லை. பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். மூக்கு நுனியால் தேடினாள். தங்கையின் பெயர். மூக்கால் அமுக்கினாள். நழுவியது. நாக்கால் அமுக்கினாள்.

மணி அடித்தது. ஒலிபெருக்கியை மூக்கால் தட்டிவிட்டாள். கதவில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து நிமிர்ந்தாள். போன் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே, முகத்துக்கு நேரே.

“என்னக்கா, மறுபடியும்?”

“மூச்சு... முட்டுது...”

“அக்கா? அக்கா, அழறியா?”

“நிறுத்து... பாப்பா...”

பாப்பா என்று அவள் கூப்பிட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும். 

“சரி, சரி, அழாதே. இதோ பண்ணிடறேன். நான் சீக்கிரம் கிளம்பி வரேன். பயப்படாதே... ம், ஆச்சு. பண்ணிட்டேன்.”

தட்டல் நின்றது.

அவள் கண்ணை மூடினாள். நின்றுவிட்டது. அந்த அமைதியில் தன் இதயம் இரும்புக்குள் அடிப்பதைக் கேட்டாள்.

“அஞ்சு முடிஞ்சு ஆறாவதுல நிக்குதுக்கா. இந்த நேரத்துல யாராவது ரத்து பண்ணுவாங்களா? துரித எண்ணெய் நாலு புட்டி சேத்து வச்சிருந்தேன். மொத்தத்தையும் உனக்காக ஊத்திட்டேன். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். முடிஞ்சதும் கழட்டிடறேன். சந்தோஷமா?”

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள்.

தட்டல் இல்லை இப்போது. ஒரே சீறல். தாடைக்குக் கீழிருந்து. காதுகளுக்குப் பின்னாலிருந்து. வாய் மூடியது. அவள் மூடவில்லை. உலகம் இரண்டு கோடுகளாகச் சுருங்கியது.

“ஆச்சு! ஆறும் ஆச்சு! அடேயப்பா, எத்தனை அம்சம்! அக்கா, பாக்கறியா?”

பார்த்தாள். இரண்டு கோடுகள் வழியே தன் கால்களைப் பார்த்தாள்.

“இப்ப பாரு, கழட்டறேன். இடது காலு.”

சத்தம் இல்லை. வலி இல்லை. தொடையின் முடிவில் வழவழப்பான ஒரு தட்டை மட்டும் இருந்தது. கேமில் பொருள் வைக்காத காலிக் கட்டம்போல. அறையின் எதிர் மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில், இடது கால் நின்றது. தனியாக. நேராக.

அவள் கால்விரலை அசைத்தாள்.

அந்த மூலையில் விரல்கள் அசைந்தன. அந்த மூலையின் தரை சில்லென்றிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“ஒண்ணு கழண்டுடுச்சு. லேசா இருக்கா? அக்கா? ...சரி, பேசாம இருந்தா கோவம் தீரலைன்னு அர்த்தம். தெரியாதா எனக்கு?” தங்கையின் குரல் குழைந்தது. “மூச்சு முட்டுதுன்னு சொன்னியே. நான் ஒரு மக்கு. அதைத்தானே முதல்ல கழட்டணும்?”

கைகளை அசைக்கப் பார்த்தாள். தலையை ஆட்டப் பார்த்தாள்.

“தலையைக் கழட்டறேன், இரு.”

காற்று வந்தது. அலமாரி மூலையின் காற்று, தூசியும் பழந்துணியும் மணக்கும் காற்று. முதலில் அதுதான் தெரிந்தது. பிறகு, ஆள் நிற்கும் உயரத்திலிருந்து, அந்த மூலையிலிருந்து, எதிரே வாசல் கதவு தெரிந்தது. கதவில் சாய்ந்து ஒரு கவசம் உட்கார்ந்திருந்தது. ஒரு கால். தோள்களுக்கு நடுவே வழவழப்பான தட்டை. இரண்டு கைகளும் போனை உயர்த்திப் பிடித்திருந்தன, முகம் இருக்க வேண்டிய உயரத்துக்கு. மார்புத் தகடு குருவிபோல ஏறி ஏறி இறங்கியது.

“இப்ப நல்லா மூச்சு வருதாக்கா?” என்றது போன். “சரி. அடுத்தது மார்பு.”